முதல் ஃபைபர் போஸ்ட்: அடிவரை ஒட்டுவது எப்படி

படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒட்டிய ஃபைபர் போஸ்ட் (வேர்க்கால்வாய்க்குள் ஒட்டும் இழைக் குச்சி) ஒன்று, ஏழு மாதம் கழித்து ஒரு கைக்குட்டைக்குள் என்னிடமே திரும்பி வந்தது. மேல் முன்பல். மேலே மூடும் கேப், அதற்குள் பல்லின் உடைந்த பகுதியை நிரப்பும் கோர், போஸ்ட் மூன்றும் ஒரே துண்டாக. “வலியே இல்ல டாக்டர். நேத்து ராத்திரி சப்பாத்தியைக் கடிச்சு இழுத்தேன், அப்படியே கழண்டு வந்துடுச்சு” என்றார் அந்த அம்மா. அவரை உட்கார வைத்துவிட்டு அந்தத் துண்டை நாற்காலி விளக்கடியில் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) போட்டுப் பார்த்தேன். போஸ்ட்டின் உடம்பு முழுக்கச் சிமென்ட் ஒட்டியே இருந்தது. அடியில் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மட்டும் அந்தச் சிமென்ட்டின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு படலம். கட்டாபெர்ச்சா, வேர் சிகிச்சையில் கால்வாயை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்.

போஸ்ட்டைச் சிமென்ட் விடவில்லை. சிமென்ட்டைத்தான் பல் விட்டிருக்கிறது. கால்வாய்ச் சுவரில் நான் சுரண்டி எடுக்காமல் விட்ட கட்டாபெர்ச்சாவின் மேல் சிமென்ட் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் அது டென்டினை, அதாவது பல்லின் உள்ளுடலான கடின திசுவை, தொடவே இல்லை. எந்தக் கம்பெனிச் சிமென்ட்டாக இருந்தாலும் அன்றைக்கு அது நின்றிருக்காது.

ஃபைபர் போஸ்ட் தோற்கும்போது அதிகம் நடப்பது இப்படிக் கழன்று வருவதுதான். கழலும் இடமும் பெரும்பாலும் சிமென்ட்டுக்கும் டென்டினுக்கும் நடுவில்தான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போகப்போகிறேன்: கால்வாயின் அடியில் இப்போது என்ன இருக்கிறது? கண்ணுக்கும், காற்றுக்கும், விளக்கின் ஒளிக்கும் எட்டாத இடம் அது. முதல் போஸ்ட்டை வைக்கப்போகும் பயிற்சி மருத்துவர்களையும், புதிதாக கிளினிக் திறந்தவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்கொள்ளும் கேஸ் எளியது: மேல் நடு வெட்டுப்பல், நேரான ஒற்றை வேர், வேர் சிகிச்சை நன்றாக முடிந்திருக்கிறது, வண்டியிலிருந்து விழுந்ததில் தலைப்பகுதி உடைந்துபோயிருக்கிறது. நோயாளியிடம் போவதற்கு முன், பிடுங்கிய பற்களில் நாலைந்து முறையாவது செய்து பாருங்கள். முதல் நோயாளிக்குச் செய்யும்போது அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

போஸ்ட் எதற்கு?

போஸ்ட் வைத்தால் பல்லுக்குப் பலம் கூடும் என்று இன்னும் பலர் நோயாளியிடம் சொல்கிறார்கள். கூடாது. அது கோரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆணி, அவ்வளவுதான். போஸ்ட்டுக்காக உள்ளே எவ்வளவு டென்டினைக் குடைகிறோமோ அவ்வளவுக்கு வேர் பலவீனமாகும். கடைவாய்ப்பல்லில் கூழறை ஆழமாக இருந்து, இரண்டு மூன்று சுவர்களும் நின்றால் பெரும்பாலும் போஸ்ட்டே தேவைப்படாது. கம்பாசிட் (பல் நிறத்தில் அடைக்கும் ரெசின்) கோர் அந்த அறையிலேயே பிடித்துக்கொள்ளும்.

முதல் ஃபைபர் போஸ்ட் 1990 வாக்கில் பிரான்சிலிருந்து வந்தது. கார்பன் இழை, கறுப்பு நிறம். முன்பல்லில் வைத்தால் ஈறு ஓரம் கறுத்துத் தெரியும். பின்னால் குவார்ட்ஸ், கண்ணாடி இழைகள் வந்தபிறகுதான் வெள்ளை போஸ்ட்டும் ஒளி கடத்தும் போஸ்ட்டும் கிடைத்தன. இழையின் அருமை அதன் விறைப்பில் இருக்கிறது. டென்டினின் விறைப்பு சுமார் 18 கிகாபாஸ்கல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 200ஐ ஒட்டி வரும். ஃபைபர் போஸ்ட் இழையின் வகையையும் அளவையும் பொறுத்து ஏறக்குறைய 15 முதல் 45 வரை. கடிக்கும்போது பல் கொஞ்சம் வளைந்தால் ஃபைபரும் கூடவே வளையும். ஸ்டீல் வளையாமல் வேரை உள்ளிருந்து நெம்பும், வேர் நீளவாக்கில் பிளக்கும். பிளந்த வேரைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கழன்ற ஃபைபர் போஸ்ட்டைத் திரும்ப ஒட்டலாம்.

ஆனால் அந்த வளைவுக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு கடியிலும் ஒட்டுப்பகுதி இழுபடும். அதைத் தாங்குவது ஃபெரூல்: ஈறுக்கு மேலே, கேப்பின் ஓரம் சுற்றிக் கட்டிப்பிடிக்கும் உண்மையான பல்லின் உயரம். 2 மில்லிமீட்டர் வேண்டும், முடிந்தால் சுற்றிலும். பீப்பாயைச் சுற்றிய இரும்பு வளையம் போல அது. ஃபெரூல் இல்லாத பல்லில் எவ்வளவு அருமையாக ஒட்டினாலும் நாள் கடத்துகிறோம் என்றுதான் அர்த்தம். ஈறையும் எலும்பையும் கொஞ்சம் இறக்கலாமா, வேரைக் கிளிப் போட்டு வெளியே இழுக்கலாமா என்று முதலில் யோசியுங்கள். இரண்டும் முடியாதென்றால் பல்லை எடுப்பதைப் பற்றி நோயாளியிடம் நேராகப் பேசுங்கள்.

அடி ஏன் இவ்வளவு சிரமம்?

பல் குழியில் கம்பாசிட் அடைக்கும்போது மேல்பக்கம் திறந்திருக்கும். ரெசின் இறுகிச் சுருங்கும்போது அந்தத் திறந்த பக்கம் கொஞ்சம் இறங்கிக் கொடுத்து இழுவிசையைக் குறைக்கும். ஒட்டிய பரப்பை ஒட்டாத பரப்பால் வகுத்தால் வரும் எண்ணுக்கு சி ஃபேக்டர் என்று பெயர். சாதாரணப் பெட்டி வடிவக் குழியில் அது 5 வரை வரும். வேர்க்கால்வாய்க்குள் 200ஐத் தாண்டலாம். நீளமான குழாய், வாய் மட்டும் திறப்பு, நடுவே மெல்லிய சிமென்ட் படலம். சுருங்கும் சிமென்ட் இறங்கிக்கொடுக்க இடமில்லாமல் சுவரிலிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்க்கும்.

இதோடு, வேரின் நுனிப்பக்கம் போகப் போக டென்டின் நுண்குழாய்கள் குறைகின்றன. ஈரத்தைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. விளக்கின் ஒளி மங்குகிறது. சீலரும் (கட்டாபெர்ச்சாவைச் சுவரோடு சேர்க்கும் பசை) கட்டாபெர்ச்சாவும் சேர்ந்து குழம்பிக் கிடப்பதும் அங்கேதான். இனி வரும் படிகள் எல்லாம் இந்த நான்கையும் சமாளிக்கத்தான்.

இடம் எடுப்பது

நல்ல ஐஓபிஏ எக்ஸ்ரே (வாய்க்குள் ஃபிலிம் வைத்து வேர்நுனி வரை எடுப்பது) ஒன்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நம் கேஸில் உடைந்த ஓரத்திலிருந்து வேர் சிகிச்சையின் வேலை நீளம் 15 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அடியில் 5 மில்லிமீட்டர் கட்டாபெர்ச்சாவைத் தொடக் கூடாது, 4க்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. நுனியை அடைத்து வைத்திருப்பது அதுதான். ஆக போஸ்ட்டுக்கு 10 மில்லிமீட்டர். அதில் 2 ஃபெரூல் உயரம், 8 வேருக்குள். வரப்போகும் பல்தலையின் உயரத்துக்காவது போஸ்ட் உள்ளே இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அதற்குக் கொஞ்சம் குறைந்தாலும் நுனி அடைப்பைத்தான் காப்பாற்றுங்கள். நீளத்துக்கு ஆசைப்பட்டு அதை இழக்காதீர்கள்.

நோயாளி வந்ததும் ரப்பர் டேம் போடுங்கள், பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் ரப்பர் விரிப்பு அது. உடைந்த பல்லில் கிளாம்ப் நிற்கவில்லை என்றால் பக்கத்துப் பற்களில் மாட்டி, ஓரத்தைத் திரவ டேமால் அடைக்கலாம். பஞ்சு உருளையை நம்பி ஆரம்பிக்காதீர்கள். கால்வாய்க்குள் ஒரு சொட்டு எச்சில் இறங்கினால் கிருமியும் உள்ளே போகும், ஒட்டும் கெடும்.

கட்டாபெர்ச்சாவை முதலில் சூடாக்கிய பிளக்கரால் (மொட்டை முனைக் கம்பிக்கருவி) எடுங்கள். ரீமரை நேரடியாக இறக்குவதைவிட இது பாதுகாப்பு. நடுவழி தெரிந்தபிறகு பீசோ ரீமர், கால்வாயை அகலப்படுத்தும் டிரில். 1ஆம் எண் 0.7 மில்லிமீட்டர், 2ஆம் எண் 0.9, 3ஆம் எண் 1.1 என்று ஒவ்வொரு எண்ணுக்கும் 0.2 கூடும். ரப்பர் ஸ்டாப்பரை 10இல் வையுங்கள். மெதுவான வேகம், உள்ளே வெளியே என்று எடுத்து எடுத்து, இடையில் தண்ணீர். ஒரே இடத்தில் ரீமரைச் சுழல விட்டு நிற்காதீர்கள். வேரின் வெளிப்பக்கம் 10 டிகிரி சூடேறினாலே எலும்புக்கு ஆபத்து. கடைசியாக போஸ்ட் டப்பாவோடு வரும் அளவு டிரில். சுற்றிலும் எந்த இடத்திலும் குறைந்தது 1 மில்லிமீட்டர் டென்டினாவது மிச்சமிருக்க வேண்டும், போஸ்ட்டின் தடிமன் வேரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. போஸ்ட்டுக்காகக் கால்வாயைக் குடையாதீர்கள். இருக்கும் கால்வாய்க்குப் பொருந்தும் போஸ்ட்டை எடுங்கள்.

வேர் சிகிச்சை முடித்த அன்றே போஸ்ட் ஒட்டலாமா? ஒட்டலாம், ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது: சீலர் இறுகட்டும், சில நாள் கழித்து வரச்சொல்லுங்கள். இறுகாத சீலர் ரீமரோடு சேர்ந்து சுவர் முழுக்க இழுகும். ஆனால் நாள் கடத்தாதீர்கள், தற்காலிக அடைப்பு கசிந்தால் வேர் சிகிச்சையே வீணாகும். இன்னொன்று, யூஜினால் (கிராம்பு எண்ணெயின் சாரம்) கலந்த சீலரோ தற்காலிக அடைப்போ இருந்திருந்தால் சுவரை இரண்டு மடங்கு கவனமாகச் சுரண்டுங்கள். மிஞ்சிய யூஜினால் ரெசினை இறுக விடாது. போஸ்ட் வைக்கப்போகிறோம் என்று முன்பே தெரிந்தால் யூஜினால் இல்லாத சீலரையே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

சுத்தம்

இந்த ஒரு படிக்கு நேரம் கொடுங்கள். சிமென்ட் தேர்வுக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியை இதற்குச் செலவழித்தால் போதும் என்பது என் அனுபவம்.

லூப் போட்டு உள்ளே பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் சுத்தமான டென்டின் வெளிறிய மஞ்சளாக, மங்கலாகத் தெரியும். இளஞ்சிவப்புக் கோடுகளோ மினுமினுப்பான திட்டுகளோ தெரிந்தால் அது கட்டாபெர்ச்சாவும் சீலரும். வட்டமான ரீமர் முட்டை வடிவக் கால்வாயின் இரண்டு மூலைகளைத் தொடுவதே இல்லை. அங்கேதான் அது ஒளிந்திருக்கும், முக்கியமாக உதட்டுப் பக்கமும் அண்ணப் பக்கமும். அல்ட்ராசோனிக் முனை இருந்தால் அதைச் சுவரோடு மெதுவாக உரசவிடுங்கள். இல்லாவிட்டால் சின்ன மைக்ரோ பிரஷ்ஷை ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்து, பிரஷ் நுனியைப் பாருங்கள். இளஞ்சிவப்பு வருவது நிற்கும்வரை புதிது புதிதாக எடுங்கள்.

பிறகு ஒரு எக்ஸ்ரே. என் முதல் போஸ்ட்டில் நான் தவிர்த்தது இதைத்தான். நேரமாகிவிட்டது, வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். எடுத்திருந்தால் சுவரோரம் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்திருக்கும். சுத்தமான இடம் படத்தில் கறுப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும். கட்டாபெர்ச்சாவின் மேல்மட்டம் தட்டையாக நிற்கும், அதற்கும் போஸ்ட் இடத்துக்கும் நடுவே காலி இடம் இருக்காது.

கழுவும் வரிசையில் ஒரு விஷயம் கவனியுங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட்டைக் கடைசித் திரவமாக விடக் கூடாது. அது டென்டினில் விட்டுச்செல்லும் ஆக்ஸிஜன் ரெசின் இறுகுவதைத் தடுக்கும். ரீமர் உண்டாக்கிய தூள்படலத்தை அகற்ற 17 சதவீத ஈடிடிஏ ஒரு நிமிடம் விடுவது பொதுவான பழக்கம். ஆனால் சில சிமென்ட்டுகளோடு வரும் குறிப்புத் தாளில் ஈடிடிஏ வேண்டாம் என்றிருக்கும், அதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எதை விட்டாலும் முடிவில் நிறையத் தண்ணீர், காய்ச்சி வடித்த நீர் அல்லது சலைன். பக்கவாட்டில் துளையிட்ட ஊசியை அடிவரை இறக்கி, கீழிருந்து மேலே கழுவிக்கொண்டு வாருங்கள். கால்வாயின் வாயில் நின்று ஸ்பிரே அடித்தால் அடியில் இருப்பது அடியிலேயே சுற்றும்.

உலர்த்துவது பேப்பர் பாயின்ட்டால் (ஈரம் உறிஞ்சும் காகிதக் கூம்பு). காற்றுத் துப்பாக்கியைக் கால்வாய்க்குள் வைத்து ஊதாதீர்கள். திசுவுக்குள் காற்று புகுந்து முகம் வீங்கிய சம்பவங்கள் உண்டு. அதோடு காற்று அடியை உலர்த்தாது, மேல்பகுதியை மட்டும் வறட்டும்.

போஸ்ட்டைப் பொருத்திப் பார்ப்பது, வெட்டுவது

போஸ்ட் 10 மில்லிமீட்டர் வரை தடையில்லாமல் இறங்க வேண்டும். ஆனால் ஆடிக்கொண்டிருக்கக் கூடாது. இடித்து இறக்கினால் சிமென்ட்டுக்கு இடமிருக்காது, வேருக்கும் அழுத்தம். அகலமான கால்வாய், போஸ்ட் குடத்துக்குள் குச்சி போல ஆடுகிறது என்றால், போஸ்ட்டைச் சுற்றிக் கம்பாசிட் பூசி, கால்வாயில் நீரில் கரையும் ஜெல் தடவி உள்ளே விட்டு அச்செடுத்து, வெளியே எடுத்து முழுதாக இறுக்கி, அந்த உருவத்தை ஒட்டலாம். அச்செடுத்தபின் ஜெல்லை நன்றாகக் கழுவிவிட வேண்டும். சிமென்ட் படலம் மெல்லிதாகும், சுருக்கமும் குறையும். முதல் கேஸிலேயே இதை முயல வேண்டாம்.

உள்ளே வைத்த நிலையில் ஒரு எக்ஸ்ரே எடுத்து, போஸ்ட் நுனி கட்டாபெர்ச்சாவைத் தொடுகிறதா பாருங்கள். பிறகு வெளியே எடுத்துத் தடித்த முனையை வெட்டுங்கள். டைமண்ட் டிஸ்க் அல்லது டைமண்ட் பர், கூடவே தண்ணீர். கட்டர், பிளையர், கத்திரி எதுவும் ஆகாது. நெருக்கி வெட்டினால் இழைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும், வெளியில் தெரியாது. வெட்டிய தலை கோர் கம்பாசிட்டுக்குள் முழுக்க மூடியிருக்கும்படி உயரத்தை வையுங்கள். இழைகள் வாய்க்குத் திறந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும்.

போஸ்ட்டின் மேற்பரப்பு

பொருத்திப் பார்த்தபோது எச்சில், ரத்தம், விரலின் எண்ணெய் எல்லாம் பட்டிருக்கும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். அப்புறம் கையால் தொடாதீர்கள், ட்வீசர்தான்.

சைலேன் (கண்ணாடியையும் ரெசினையும் இணைக்கும் திரவம்) போடுவது பற்றிக் கருத்து வேறுபாடு நிறைய. அது கண்ணாடி இழையோடுதான் வேதியியலாகச் சேரும். பல போஸ்ட்டுகளில் இழையைச் சுற்றியிருப்பது முழுக்க இறுகிப்போன எபாக்சி. அதோடு சேர அதற்கு ஒன்றுமில்லை. அதனால் சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து எபாக்சியைக் கொஞ்சம் கரைத்து இழையை வெளிக்காட்டிய பிறகு சைலேன் போடுகிறார்கள். 24 சதவீதத்தில் 1 நிமிடம் போதும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. என் கருத்து: தயாரிப்பாளர் முன்கூட்டியே பூச்சு செய்து அனுப்பிய போஸ்ட் என்றால் ஆல்கஹாலோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒரு பூச்சு சைலேன், 60 விநாடி உலரவிடுங்கள். சைலேன் குப்பியைத் தூக்கிப் பார்த்து, கலங்கியிருந்தால் குப்பையில் போடுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம், இழையையே தின்றுவிடும். கடுமையான மணல் வீச்சும் அதே கதைதான்.

எந்தச் சிமென்ட்?

ஒளியால் மட்டும் இறுகும் லைட் க்யூர் ஆகாது, ஒளியாலும் வேதிவினையாலும் இறுகும் டூயல் க்யூர்தான். போஸ்ட் ஒளி கடத்தும் வகையாக இருந்தாலும் 8 மில்லிமீட்டர் கீழே போய்ச்சேரும் ஒளி கொஞ்சமே. அங்கே வேதிவினைதான் சிமென்ட்டை இறுக்க வேண்டும்.

டூயல் க்யூரில் இரண்டு பாதை. ஒன்று, தானே ஒட்டும் ரெசின் சிமென்ட். 2002இல் ரிலைஎக்ஸ் யூனிசெம் வந்ததிலிருந்து பரவியது. அமிலம், பாண்டிங் (ரெசினைப் பல்லோடு சேர்க்கும் ஒட்டுத் திரவம்) என்று தனியாக எதுவும் டென்டினில் போட வேண்டாம். மற்றொன்று, பாஸ்பாரிக் அமிலம் போட்டு, பாண்டிங் தடவி, அதன் மேல் டூயல் க்யூர் சிமென்ட் அல்லது கோர் கம்பாசிட்.

புதியவர்கள் முதல் பாதையில் தொடங்குவதே நல்லது. காரணம் சோம்பல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அடியில் நாம் சரியாகச் செய்ய வேண்டிய வேலைகளின் எண்ணிக்கை அதில் குறைவு. ஒரு படி குறைந்தால் ஒரு தவறு குறையும்.

ஒட்டும் நேரம்

சிமென்ட்டை ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்ற சிமென்ட் கெட்டியாக வரும், மெதுவாக இறுகும். இதற்கு நேர்மாறு நம் ஊர் மே மாதம். மின்சாரம் போய் ஏசி நின்ற அறையில், தாளில் சொன்ன வேலை நேரம் கிடைக்காது. தாளில் உள்ள நேரம் பெரும்பாலும் 23 டிகிரியை வைத்துச் சொல்வது. கால்வாய்க்குள்ளோ உடல் சூடு. அதனால் சிமென்ட் உள்ளே போன நொடியிலிருந்து தயங்க நேரமில்லை. போஸ்ட், ட்வீசர், பேப்பர் பாயின்ட், லைட் எல்லாம் முன்பே வரிசையாக இருக்கட்டும், உதவியாளர் அம்மாவிடம் அடுத்தது என்ன என்று சொல்லிவைத்திருங்கள்.

கால்வாயைக் கடைசியாகக் கழுவி, பேப்பர் பாயின்ட்டால் ஒற்றுங்கள். முதல் பாயின்ட் முழுக்க நனைந்து வரும், இரண்டாவது பாதி நனையும். நுனி மட்டும் லேசாக ஈரமாக ஒன்று வந்ததும் நிறுத்துங்கள். தானே ஒட்டும் சிமென்ட்டுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை, அதன் அமில மூலக்கூறுகள் அந்த ஈரத்தில்தான் வேலை செய்கின்றன. வறட்டிவிட்டால் ஒட்டு குறையும். குளம் கட்டி நின்றாலும் குறையும்.

சிரிஞ்சில் முனை மாட்டுவதற்கு முன் கொஞ்சம் சிமென்ட்டைப் பிதுக்கி, இரண்டு குழாயிலிருந்தும் சமமாக வருகிறதா பாருங்கள். ஒரு பக்கம் அடைத்திருந்தால் அடிப்பொருளும் வினையூக்கியும் சரியான அளவில் சேராது. ஆட்டோமிக்ஸ் முனையில் மெல்லிய நீட்டிப்பை மாட்டி, கால்வாயின் அடிவரை அது இறங்குகிறதா என்று வெறும் முனையை விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடியில் தொட்டபடி பிதுக்கத் தொடங்குங்கள். சிமென்ட் மேலே ஏற ஏற முனையைப் பின்னால் இழுங்கள். ஆனால் முனை எப்போதும் சிமென்ட்டுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப விட்டால் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். இட்லித் தட்டில் கரண்டியால் மாவு விடுவது போல மேலிருந்து ஊற்றினால் அடியில் காற்றுதான் இருக்கும். லென்டுலோவால் (சுழலும் திருகுக் கம்பி) சிமென்ட் விடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சுழற்சி பல டூயல் க்யூர் சிமென்ட்டுகளை வேகமாக இறுக்கிவிடும், போஸ்ட் பாதியிலேயே நின்றுபோகும்.

போஸ்ட்டிலும் கொஞ்சம் சிமென்ட் தடவி, மெதுவாக, லேசாகத் திருப்பியபடி இறக்குங்கள். வேகமாகக் குத்தினால் சிமென்ட் வெளியே தெறிக்கும், உள்ளே அழுத்தம் ஏறி போஸ்ட் திரும்ப எழும்பும். முன்பு குறித்துவைத்த ஆழத்துக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். விரலால் மிதமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, வழிந்த சிமென்ட்டை மைக்ரோ பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, போஸ்ட்டின் தலைக்கு நேர் மேலே லைட்டை வையுங்கள். 40 முதல் 60 விநாடி. லைட் முனையில் பழைய கம்பாசிட் ஒட்டிக் காய்ந்திருந்தால் முதலில் அதைச் சுரண்டுங்கள். வாரம் ஒருமுறை ரேடியோமீட்டரில் அளந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

லைட் அடித்தவுடன் வேலை முடிந்ததாக நினைத்து பர் எடுக்காதீர்கள். மேல்பகுதி கல் போல இருக்கும், அடி இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். தாளில் சொன்ன நேரம், பொதுவாக 5 நிமிடமாவது, போஸ்ட்டை அசைக்காமல் விடுங்கள். அந்த நேரத்தில் ஓடும் பர்ரின் அதிர்வு, அடியில் பாதி இறுகிய ஒட்டை உடைக்கும்.

அமிலமும் பாண்டிங்கும் போடும் பாதை

கை பழகியபிறகு இதற்கு வரலாம். 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை மெல்லிய ஊசியால் அடியிலிருந்து நிரப்புங்கள், 15 விநாடி. ஜெல்லைக் கழுவி எடுப்பது போடுவதைவிடக் கடினம். ஊசியை அடிவரை விட்டு, பக்கத்தில் சக்‌ஷன் வைத்து, நிறம் முழுக்க மறையும்வரை கழுவுங்கள். அதே அளவு ஈரத்துக்கு ஒற்றுங்கள்.

பாண்டிங்கைக் கால்வாய்க்கென்றே வரும் மெல்லிய மைக்ரோ பிரஷ்ஷால் தடவுங்கள். சாதாரண பிரஷ் பாதி வழியிலேயே நின்றுவிடும். இங்கே புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் தவறு ஒன்று உண்டு. அடியில் பாண்டிங் குளம் கட்டி நிற்கும். அதைப் பேப்பர் பாயின்ட்டால் ஒற்றி எடுக்காமல் லைட் அடித்தால் அது கல்லாகிவிடும். அப்புறம் 10 மில்லிமீட்டர் இறங்கிய போஸ்ட் 8லேயே நிற்கும். கையில் கலந்த சிமென்ட்டோடு அதைக் கண்டுபிடிப்பது கொடுமை. ஒற்றி எடுங்கள், பிறகு ஒருமுறை போஸ்ட்டை விட்டுப் பார்த்துவிட்டு லைட் அடியுங்கள்.

இன்னொரு பொறி வேதியியலில் இருக்கிறது. ஒரே குப்பியில் எல்லாம் அடங்கிய பாண்டிங் பல அமிலத்தன்மை கொண்டவை. டூயல் க்யூர் சிமென்ட்டின் வேதிவினையை நடத்தும் அமீனை அந்த அமிலம் செயலிழக்கச் செய்யும். மேலே ஒளி படுமிடத்தில் எல்லாம் நன்றாக இறுகும், ஒளி படாத அடியில் சிமென்ட் பாண்டிங்கைத் தொடும் பரப்பு இறுகாமல் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. அந்தப் பாண்டிங்கோடு கலக்க டூயல் க்யூர் ஆக்டிவேட்டர் தனியாக இருக்கிறதா, அல்லது அதே கம்பெனியின் சிமென்ட் அந்தப் பாண்டிங்குக்கென்றே செய்ததா என்று பாருங்கள். ஒரு கம்பெனிப் பாண்டிங், வேறு கம்பெனிச் சிமென்ட் என்று கைக்குக் கிடைத்ததைக் கலக்காதீர்கள்.

இந்த இரண்டு பாதைகளையும் ஒன்றாக்கவும் கூடாது. தானே ஒட்டும் சிமென்ட்டுக்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று டென்டினில் பாஸ்பாரிக் அமிலம் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அமிலம் அரித்த டென்டினுக்குள் அந்தக் கெட்டியான சிமென்ட் ஊடுருவாது. ஒட்டு கூடுவதற்குப் பதில் குறைகிறது.

கோர், கேப்

அதே அமர்வில், ரப்பர் டேமை எடுக்காமல் கோரைக் கட்டுங்கள். மேலே தெரியும் டென்டினுக்கும் எனாமலுக்கும் வழக்கமான பாண்டிங், பிறகு கம்பாசிட். லைட் க்யூர் கம்பாசிட் என்றால் அடுக்கடுக்காக, போஸ்ட்டைச் சுற்றி இடைவெளி விடாமல். கேப்புக்குச் செதுக்கும்போது ஓரம் கோரில் முடியாமல் பல்லிலேயே முடிய வேண்டும், அந்த 2 மில்லிமீட்டர் ஃபெரூலைக் கட்டிப்பிடித்தபடி. கேப்பை மாதக்கணக்கில் தள்ளிப்போடவிடாதீர்கள். வலி போனதும் நோயாளிகள் வராமல் போவது வழக்கம்தான், அதனால் அன்றைக்கே அடுத்த தேதியை எழுதிக் கொடுங்கள். ஒட்டியபின் எடுத்த எக்ஸ்ரேயைக் கோப்பில் வையுங்கள். ஆறு மாதம், ஒரு வருடத்தில் எடுக்கும் படத்தோடு ஒப்பிட அது வேண்டும்.

கழன்று வந்தால்

போஸ்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், லூப் வழியாகப் பாருங்கள். சிமென்ட் கால்வாயிலேயே தங்கி, போஸ்ட் வெறுமையாக வந்திருந்தால் போஸ்ட்டின் மேற்பரப்பைத் தயார் செய்ததில் கோளாறு. சிமென்ட் போஸ்ட்டோடு வந்திருந்தால் கால்வாய்ச் சுவரில். அடியில் மட்டும் சிமென்ட் மென்மையாக, நகத்தால் கீறினால் வருவதாக இருந்தால் அது சரியாக இறுகவில்லை. பிறகு வேரில் விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஈறுக்குள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆய்வுக்கோல் திடீரென்று ஆழமாக இறங்கினால் சந்தேகப்படுங்கள். கால்வாய் எத்தனை நாள் எச்சிலுக்குத் திறந்திருந்தது என்று கேளுங்கள். வாரக்கணக்கில் திறந்திருந்தால் வேர் சிகிச்சையையே திரும்பச் செய்துவிட்டுத்தான் போஸ்ட்.

அந்த அம்மா மறுநாள் காலையிலேயே வந்துவிட்டதால் அது தேவைப்படவில்லை. வேரில் விரிசலும் இல்லை. என்ன நடந்தது, யார் தவறு என்பதைச் சொல்லி, திரும்பச் செய்வதற்குக் கட்டணம் இல்லை என்றேன். ரப்பர் டேம் போட்டு, அல்ட்ராசோனிக் முனையால் அண்ணப் பக்க மூலையைச் சுரண்டத் தொடங்கினேன். இளஞ்சிவப்புத் துணுக்குகள் தண்ணீரோடு வந்துகொண்டே இருந்தன. சுவர் முழுக்க வெளிறிய மஞ்சளாகத் தெரிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதன்பின் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு ஓரமும் மேலிருந்து அடிவரை கறுப்பாக, கோடு கிழித்தது போல இருந்தது. அதற்குப் பிறகுதான் சிமென்ட் டப்பாவைத் திறந்தேன்.